தூண்டில் கயிறு ஏன் மூழ்க வேண்டும்?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் யெல்லோஸ்டோன் ஆற்றில், பெரிய பழுப்பு ட்ரவுட் மீன்களுக்குப் பிடித்த இரைகளில் ஒன்று ஸ்கல்பின் என்ற சிறு மீன். அதற்குக் காற்றுப்பை கிடையாது. கூழாங்கற்களை ஒட்டியே கிடக்கும். இறகும் ரோமமும் வைத்துக் கட்டிய 'ஸ்ட்ரீமர்' தூண்டில் அந்த மீனாகத் தோன்ற வேண்டுமானால், அதுவும் அடியில்தான் நீந்த வேண்டும்.

மிதக்கும் கயிற்றில் கட்டினால் இறங்காதா? இறங்கும், ஆனால் அங்கே நிற்காது. கற்களின் உராய்வால் அடிநீர் மெதுவாகவும் மேல்நீர் வேகமாகவும் ஓடுகிறது. மேலே கிடக்கும் கயிற்றை நீரோட்டம் இழுக்கும்போது ஸ்ட்ரீமரும் மேலெழும்பிவிடும். நாம் சுண்டி இழுத்தாலும் அதே கதைதான்.

மூழ்கும் கயிற்றின் பிளாஸ்டிக் உறையில் டங்ஸ்டன் தூளைக் கலக்கிறார்கள். டங்ஸ்டன் தண்ணீரைவிடச் சுமார் 19 மடங்கு அடர்த்தியானது; ஈயம்கூட 11 மடங்குதான். அதனால் கயிறு தடிக்காமலே கனக்கிறது. மெல்லிய கயிற்றுக்கு நீரின் தடையும் குறைவு. எனக்கு இதில் மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

'டைப் 6' கயிறு நொடிக்கு ஏறக்குறைய 6 அங்குலம் இறங்கும். 6 அடி ஆழம் போக 12 நொடி. ஆற்று நீர் நொடிக்கு 3 அடி ஓடினால், அதற்குள் தூண்டில் 36 அடி தள்ளிப் போயிருக்கும்! ஆகவே மீன் இருக்கும் இடத்திலிருந்து, நீரோட்டம் வரும் திசையில் வெகு தூரம் தள்ளியே வீசுங்கள்.

கயிற்றையும் ஸ்ட்ரீமரையும் இணைக்கும் நுனி நரம்பையும் கவனியுங்கள். 9 அடி விட்டால் கயிறு அடியிலும் ஸ்ட்ரீமர் மேலேயும் போகும். 3, 4 அடி போதும்.