வன்னிப் புழுதியும் மோட்டார் சைக்கிள் செயினும்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி. 90ஐ வன்னியில் மறந்தவர் இல்லை. ஜப்பானியத் தபாற்காரருக்காக ஹொண்டா செய்த வண்டி அது. செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள் இருக்கும். கிரவல் வீதிப் புழுதி இலகுவில் உள்ளே போகாது, சேலையும் சிக்காது. இன்று ஓடும் பல வண்டிகளில் மேலே பாதி மூடிதான்.

செயின் 'இழுபட்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இழுபடுவது இரும்பு அல்ல. கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசியும் புஷ்ஷும் தேய்கின்றன. நூறு கண்ணியில் ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தாலே செயின் 10 மில்லிமீற்றர் நீண்டுவிடும். கழிவு ஒயிலை அள்ளிப் பூசுவது இன்னும் கேடு; அதில் ஒட்டும் மணல் அரம் போல அராவும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உட்பக்கமாகக் கொஞ்சம் கியர் ஒயில் விட்டால் போதும். என்ஜினை ஓடவிட்டுத் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும். புதுச் செயினைத் தேய்ந்த பல்லுச் சில்லில் மாட்டுவதும் காசை வீணாக்கும் வேலை.

பி.எம்.டபிள்யூ 1923இல் கொண்டுவந்த தண்டு முறையை இங்கே காண்பது அரிது. ஸ்கூட்டருக்குப் பெல்ட். ஒயில் தேவையில்லை, ஆனால் தேய்வது வெளியே தெரியாது. ஒட்டுசுட்டான் காட்டுப்பாதையில் அறுந்தால் தள்ளத்தான் வேண்டும். செயின் அறுந்தாலோ, பையில் ஒரு செயின் லொக்கும் குறடும் இருந்தால் வீடு வந்து சேரலாம்.