பளபளன்னு மின்னினா மார்க் கட்! கிளாசிக் கார்வெட் காருக்கு விருது கிடைப்பது எப்படி?

கிட்டத்தட்ட 60 வருஷப் பழைய கார். புதுசா பெயின்ட் அடிச்சு, முகம் பார்க்கிற அளவுக்கு பாலிஷ் போட்டு, போட்டிக்குக் கொண்டு வருகிறார் உரிமையாளர். சுற்றிப் பார்த்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். காரணம், 'ஃபேக்டரியில் இவ்வளவு நல்லா பெயின்ட் அடிக்கலையே!'

ஜோக் இல்லை. அமெரிக்காவின் செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்பவர்கள் மத்தியில் இதுதான் ரூல்.

அது என்ன 'ஃபேக்டரி கரெக்ட்'?

முதல் கார்வெட் 1953-ல் வந்தது. அந்த ஆண்டு தயாரானது வெறும் 300 கார்கள். எல்லாமே வெள்ளை நிறம். அடுத்த ஆண்டு தயாரிப்பு செயின்ட் லூயிஸ் ஃபேக்டரிக்கு மாறியது. அங்கிருந்து வெளியே வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே இருந்தால் அது 'ஃபேக்டரி கரெக்ட்'.

இதைச் சோதிக்கும் முக்கிய அமைப்பு, 1974-ல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரீஸ்டோரர்ஸ் சொசைட்டி (என்சிஆர்எஸ்). இன்ஜின், சேஸிஸ், இன்டீரியர் எனப் பிரித்துப் பிரித்து மார்க் போடுவார்கள். 94 சதவீதம் அல்லது அதற்கு மேல் எடுத்தால் 'டாப் ஃபிளைட்' விருது. போல்ட் தலையில் இருக்கும் குறி, ஹோஸ் கிளாம்ப் எதையும் விடமாட்டார்கள். ஏப்ரலில் அசெம்பிள் ஆன காரில், ஜூன் மாதத் தேதி போட்ட ஆல்டர்னேட்டர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்!

கண்ணாடியை மாற்றியவர்கள் கதை

1963 கார்வெட் கூபேயின் பின்பக்கக் கண்ணாடி, நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியவில்லை என்று புகார் வர, 1964-லேயே ஒரே கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள். பழைய கார் வைத்திருந்த சிலரும் 'நம்ம காரையும் புது மாடல் ஆக்கிடலாம்' என்று பட்டையை வெட்டி எறிந்தார்கள்.

இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தப் பட்டையைத்தான். ஒரே ஆண்டு, மொத்தம் 10,594 கூபேக்கள் மட்டுமே வந்தன.

நம்பர்தான் பணம்

விலையைத் தீர்மானிப்பதில் முக்கியமானது 'மேட்சிங் நம்பர்ஸ்'. 1960-களின் கார்களில், இன்ஜின் பிளாக்கின் முன்பக்கத்தில் சின்ன சமதளப் பட்டை ஒன்று இருக்கும். இன்ஜின் அசெம்பிள் ஆன தேதி, எந்த வகை இன்ஜின் என்பதற்கான கோடு, காரின் சீரியல் நம்பர் மூன்றும் அதில் குத்தப்பட்டிருக்கும். காரில் இருக்கும் நம்பரோடு அது பொருந்தினால் இன்ஜின் ஒரிஜினல்.

இதில் எவ்வளவு பணம் புரளும்? 1967-ல் எல்88 என்ற ரேஸ் இன்ஜினோடு வந்த கார்வெட்டுகள் 20 மட்டும்தான். அதில் ஒன்று 2014-ல் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது.

பணம் இருக்கும் இடத்தில் தில்லுமுல்லும் வரும்தானே? வேறு இன்ஜினைப் பொருத்தி, பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறார்கள். ஆனால், ஃபேக்டரியில் அந்தப் பட்டையை மெஷினில் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள், தேய்க்கும்போது அழிந்துவிடும். அனுபவசாலிகள் நம்பரைப் பார்ப்பதற்கு முன்பு அந்தக் கோடுகளைத்தான் தேடுவார்கள்.

விருது இருந்தால் போதுமா?

போதாது. கார் ஃபேக்டரியில் இருந்து வந்ததுபோல் இருக்கிறதா என்பதற்குத்தான் டாப் ஃபிளைட் மார்க். அதே இன்ஜினோடுதான் பிறந்தது என்பதற்கு அது உத்தரவாதப் பத்திரம் இல்லை. அதனால் வாங்குபவர்கள் விருதுச் சான்றிதழோடு நிற்காமல், காரின் பழைய பேப்பர்களையும் கேட்பார்கள். 1967 முதல் வந்த கார்களில், அந்தக் காருக்கு என்னென்ன பொருத்த வேண்டும் என்று டைப் செய்த தாளை ஃபேக்டரியிலேயே பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டினார்கள். கிழியாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பெயின்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். தேய்த்து அழித்த அந்த மெல்லிய கோடுகள் மட்டும் திரும்ப வராது. அதனால்தான், பழைய காரைக் கையில் எடுக்கும் நல்ல மெக்கானிக் எதைச் சரி செய்யலாம் என்று பார்ப்பதற்கு முன்பு, எதைத் தொடவே கூடாது என்று பார்க்கிறார்.