நஞ்சுக்கொடி ஏன் விழ மறுக்கிறது?

பசு கன்று ஈன்றதும் வீட்டில் உள்ளவர்கள் பார்வை பாதி கன்றின் மேலும் பாதி நஞ்சுக்கொடியின் மேலும் இருக்கும். கொடி விழுந்து, அதை வைக்கோலில் பொதிந்து பால் வடியும் மரத்தில் கட்டிய பிறகுதான் நிம்மதி என்று இருக்கும் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றும் உண்டு. ஈன்ற 12 மணி நேரத்துக்குள் கொடி விழுந்துவிட வேண்டும். சில மாடுகளுக்கு மறுநாளும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

கரு உண்டான 17, 18ஆம் நாளில் அது ஏறத்தாழ ஒரு சாண் நீள நூல் போல கருப்பைக்குள் நீண்டு கிடக்கிறது. 20ஆம் நாள் வாக்கில் கருப்பையின் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. பசுவின் கருப்பையில் 70 முதல் 120 வரை காளான் போன்ற முகிழ்கள் உண்டு. நஞ்சுக்கொடியின் சிறு விரல்கள் போன்ற இழைகள் இவற்றின் குழிகளுக்குள் நுழைந்து, கோத்த கை போலப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிப்புக்கு நார் கொல்லாஜன் என்னும் புரதம். அதை வெட்டும் நொதிக்குக் கொல்லாஜினேஸ் என்று பெயர். தவளைக் குஞ்சின் வால் மறைவது எப்படி என்று ஆராய்ந்தபோதுதான் 1962இல் அமெரிக்காவில் கிராஸ், லாப்பியேர் என்னும் இருவர் இதை முதலில் கண்டனர். கன்றின் குருத்தெலும்பை அரித்து எலும்புக்கு இடம் செய்வதும் இதே குடும்பத்து நொதிகளே. இவை வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும்.

சினைக்காலம் சுமார் 280 நாள். முடிவு நெருங்கும்போது இந்த நொதிகள் முகிழ்களில் பிடியைத் தளர்த்துகின்றன. கருப்பையின் வாயை இளக்குவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. காலம் முன்பே கன்று விழுந்தாலோ, இரட்டைக் கன்று பிறந்தாலோ, பிடி பழுக்காமலே கன்று வெளிவந்துவிடும், கொடி தங்கும். பச்சைப்புல் இல்லாமல் வெறும் வைக்கோலிலேயே சினைமாடு கோடையைக் கழித்தால் வைட்டமின் ஈ குறையும். அதுவும், செலினியம் என்னும் தாதுவின் குறைவும் இதற்கு வழி செய்யும். மழை பொய்த்த ஆண்டில் இது நன்றாகத் தெரியும். கடைசி இரண்டு மாதத்துக்கு வேலிமசாலோ கோ-4 புல்லோ கிடைக்கும்படி ஒரு பாத்தி ஒதுக்கலாம். தாது உப்புக் கலவையும் தரலாம்.

கொடியில் கல் கட்டுவதும், கை விட்டு இழுப்பதும் பழைய பழக்கங்கள். நார் வெட்டப்படாத நிலையில் இழுத்தால் முகிழ் கிழியும், இரத்தம் ஒழுகும், கருப்பையில் சீழ் வைத்து அடுத்த சினை தள்ளிப்போகும். கறவை மாடு ஓர் ஈற்றை இழந்தால் சிறு விவசாயிக்கு அது பெரிய அடி. வெளியே மிக நீளமாகத் தொங்குவதை மட்டும் கத்தரிக்கலாம். காய்ச்சல், நாற்றம், தீனி எடுக்காமை இவற்றில் ஏதாவது கண்டால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும்.

கன்று வீசிய மாட்டின் கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது. புரூசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட கொடியை மரத்தில் கட்டாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. ஊசிக்கு ஆயுளில் ஒரு முறை போதும்.