நாயிடம் தொடங்கும் பேச்சு

மனச்சோர்வு முற்றியவரிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பதே சில நாட்களில் அவருக்குப் பாரமாகிவிடும். பதில் சொல்லத் தெம்பு வேண்டுமே. நாய் எந்தப் பதிலையும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளிகளுக்கு ஆறுதலாக அழைத்துவரப்படும் சிகிச்சை நாயின் பலன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் அவருடைய நாய் ஜிங்கிள்ஸுடன் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தார். 1962இல் நாயைச் சக சிகிச்சையாளர் என்றே குறிப்பிட்டுக் கட்டுரை எழுதினார். 1970களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கோர்சனும் எலிசபெத் கோர்சனும் நாய்களின் நடத்தையை ஆராய்ந்துவந்தார்கள். அங்கே மனநலப் பிரிவில் வாய் திறக்காமல் கிடந்த சிலர், குரைக்கும் சத்தம் கேட்டு, அந்த நாய்களோடு விளையாடலாமா என்று கேட்டார்கள்! வழக்கமான சிகிச்சைக்கு மசியாத நோயாளிகளிடம் கோர்சன் தம்பதி நாய்களைப் பழகவிட்டார்கள். முதலில் நாயோடு நெருக்கம் வந்தது. பிறகு நாயைச் சாக்கிட்டு மருத்துவரோடு பேச்சு. அங்கிருந்து மற்ற நோயாளிகள், பணியாளர்கள் என்று அந்த வட்டம் விரிந்தது.

உடலிலும் மாற்றம் தெரிகிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாய் பூனைகளை 10 நிமிடம் கொஞ்சிய மாணவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. அது அந்த நேரத்து ஆறுதல். மனச்சோர்வு தீர்ந்ததாக அர்த்தமில்லை. மருத்துவர் தந்த மாத்திரையையும் ஆலோசனையையும் நாயை நம்பி நிறுத்தவே கூடாது.

எல்லா நாயும் இந்தச் சிகிச்சை வேலைக்குச் சரிப்படாது. சக்கர நாற்காலியைக் கண்டோ திடீர்ச் சத்தம் கேட்டோ மிரளாத, அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொள்கிற சுபாவம் வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். பழக்கியவர் கூடவே இருப்பார். நாய் அடிக்கடி கொட்டாவி விட்டாலோ முகத்தைத் திருப்பினாலோ அது அழுத்தத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு வெளியே அழைத்துப் போவார். நாய்க்குப் பயப்படுபவரையும் ஒவ்வாமை உள்ளவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, சோர்ந்திருக்கும் தம்பிக்கோ அம்மாவுக்கோ ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். வந்துபோகும் சிகிச்சை நாய் வேறு, வீட்டு நாய் வேறு. குட்டிக்கு வேளாவேளைக்குச் சோறு, நடை, ஊசி எல்லாம் உண்டு. படுக்கையை விட்டு எழவே முடியாத நாளில் அதைப் பட்டினி போட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த வேலைகளை வீட்டில் வேறொருவர் மனதார ஏற்றுக்கொண்டால் மட்டும் வாங்குங்கள்.