பீரோவுக்குள் தொலைந்த நூல்

நம் மன்றத்தின் அறையில் இரண்டு இரும்புப் பீரோக்கள் நிற்பதை நண்பர்கள் அனைவரும் அறிவீர்கள். அவற்றுக்குள் இருப்பவை நூல்கள் என்பதை எத்தனை பேர் அறிவீர்களோ, நான் சொல்ல இயலாது. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு நண்பர் எழுந்து, "இரண்டு ஆண்டுகளில் பதினொரு நூல்கள்தாம் வெளியே போயிருக்கின்றன. பழைய தாள் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, வரும் பணத்தில் நாற்காலிகள் வாங்கலாம்" என்றார். நான் வெகுண்டு எழுந்து எதிர்த்துப் பேசினேன். பலத்த கைதட்டல். அது அடங்கியதும் தலைவர், "அப்படியானால் அடுத்த பொதுக்குழு வரை இவற்றை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு முடிவு செய்வோம்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். கைதட்டல் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சாவி வந்த இரண்டாம் வாரம் முதலாண்டு மாணவி ஒருவர் வந்தார். தம்பி எட்டாம் வகுப்புப் படிக்கிறானாம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழை வீட்டில் அம்மாவிடம் எழுத்துக் கூட்டிப் பழகியிருக்கிறான். "மின்சாரத்தைப் பற்றித் தமிழில் எளிதாக ஏதாவது நூல் இருக்கிறதா?" என்று கேட்டார். வரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். எந்த நூல் எந்த நாளில் வந்ததோ அந்த வரிசையில் பெயர்கள். 'மின்' என்று தொடங்கும் தலைப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. "இல்லை" என்றேன். அவர் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துத் தூசு தட்டும்போது அந்த நூல் கையில் அகப்பட்டது! சிறுவர்க்கென்றே எழுதப்பட்டது, படங்களுடன். ஆனால் தலைப்பில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை. அருவி, ஒளி என்று கவிதைபோல் ஏதோ இருந்தது. வாணியம்பாடியிலிருந்து என் தந்தையார் பிழைப்புத் தேடி இந்த நகருக்கு வந்தபோது எனக்கு வயது ஏழு. நானும் வீட்டிலேதான் தமிழ் எழுத்துக் கூட்டினேன். அந்தத் தம்பிக்கு 'இல்லை' என்று சொன்னவன் நான் என்பது சில நாட்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இருக்கும் நூலை இல்லாத நூலாக்குவது எது? இயற்பியல் மாணவனாகிய நான் இந்தக் கேள்வியோடு படிக்கப் புகுந்தபோது, இதற்கு விடை தேடியே வாழ்ந்த ஒரு தமிழர் நம் பெங்களூரிலேயே இருந்து மறைந்தவர் என்பதை அறிந்து வியந்தேன். அவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே, பேச ஆளின்றிப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லையாம். பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். (இதைப் படித்ததும் எனக்கு அவர்மீது தனியான அன்பு பிறந்தது.) இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பயின்று பாரும் என்று அவரை அனுப்பினார்கள். அங்கேதான் அவர் மனம் மாறியது.

அக்காலத்தில் நூலகங்கள் பெரும்பாலும் பின்பற்றியது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்து எண் கொடுப்பது அது. எண்ணைப் பார்த்து அடுக்கினால் ஒரே பொருள் பற்றிய நூல்கள் ஒன்றாக நிற்கும். சிறந்த முறைதான், ஆனால் பத்து அறைகளை யார் கட்டுகிறாரோ அவருடைய வீடாகவே அது அமைந்துவிடும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு அறை. தமிழ் இலக்கியத்துக்கோ 894.811! உலகின் எஞ்சிய மொழிகளை எல்லாம் 890 என்ற ஓர் அறையில் அடைத்து, அதன் மூலையில் புள்ளி வைத்து நம்மை உட்கார வைத்திருக்கிறார்கள். சங்க இலக்கியம் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கிறது. டூயிக்கு நம்மிடம் பகை இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவருடைய அலமாரியில் தமிழ் நூல் இல்லை, அவ்வளவுதான்.

ரங்கநாதனை உறுத்தியது இதைவிட ஆழமான இடர். ஒரு பொருள் ஓர் அறைக்குள் அடங்காது என்பதே அது. எடுத்துக்காட்டு ஒன்று பார்ப்போம். நுரையீரல் காசநோயாளிகளை மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து உண்ணச் செய்தாலும் குணமாகும் என்று சென்னையில் நடந்த ஆய்வொன்று 1959இல் நிறுவிக் காட்டியது. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொள்ள அது காரணமாயிற்று. அந்த ஆய்வைப் பற்றிய நூலை எங்கே வைப்பது? நுரையீரல் என்ற தட்டிலா, காசநோய் என்ற தட்டிலா, மருந்துச் சிகிச்சையிலா, சென்னையிலா? எங்கே வைத்தாலும் மற்ற மூன்று வழியாக வருபவர் வெறுங்கையுடன் திரும்புவார், என்னிடம் வந்த மாணவியைப்போல.

இலண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். சில இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை வண்டி, ஒருமுறை பாலம், ஒருமுறை பாரந்தூக்கி. எல்லாரும் பொம்மையைப் பார்த்தார்கள். ரங்கநாதன் பகுப்பு முறையைப் பார்த்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்த அறை கட்டுவானேன்? சிறு சிறு உறுப்புகளுக்கு மட்டும் எண் கொடுத்து, நூல் வரும்போது பூட்டிக்கொண்டால் என்ன? மருத்துவத்தில் நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, நாடு என்ற வரிசையில் இந்தியாவுக்கு 44. இவற்றை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். ஆங்கிலத்தில் அந்தப் புள்ளிக்குக் கோலன் என்று பெயர். ஆகவே கோலன் பகுப்பு முறை. 1933இல் நூலாக வந்தது. பிற்பதிப்புகளில் வேறு குறிகளும் சேர்ந்தன. இதில் தமிழ் இலக்கியம் ஓ என்ற ஆங்கில எழுத்தோடு 31, கன்னடம் 33, ஆங்கிலம் 111. ஆங்கிலத்துக்கு நம்மைவிட ஓர் இலக்கம் கூடுதல் என்று கண்டு நான் சிறிது மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

எந்தப் பொருளையும் ஐந்து கேள்விகளால் அவிழ்த்துவிடலாம் என்பது அவர் கண்ட முடிவு: எதைப் பற்றியது, என்ன தன்மை அல்லது மூலப்பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இதைப் படித்தபோது எனக்கு நம் பழைய இலக்கணம் நினைவுக்கு வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தவர்கள் அல்லவா நாம்! ரங்கநாதன் அங்கிருந்து எடுத்தார் என்று நான் கூறத் துணியமாட்டேன். அதற்குச் சான்று வேண்டும். ஆனால் எண்ணால் பகுப்பைக் காட்டும் கலை தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருபவை நெய்தல். 'நூற்று முப்பத்து நான்காம் பாட்டு' என்றால், நூலைத் திறக்காமலே முல்லை என்று சொல்லிவிடலாம். தொகுத்த உருத்திரசன்மரை நம் முதல் பகுப்பு நூலகர் என்றால் புலவர்கள் சினக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எண் சரியாக இருந்தால் போதுமா? படிப்பவர் எண்ணோடு வருவதில்லை, சொல்லோடு வருகிறார். இதற்கு ரங்கநாதன் சங்கிலி அட்டவணை என்ற முறையை வகுத்தார். பூட்டிய சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அட்டை எழுதுவது: 'சிகிச்சை, காசநோய், நுரையீரல்' என ஒன்று, 'காசநோய், நுரையீரல்' என ஒன்று, 'நுரையீரல், மருத்துவம்' என ஒன்று. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே வழி உண்டு. பிரிட்டனின் தேசிய நூற்பட்டி 1950இல் தொடங்கியபோது இம்முறையை மேற்கொண்டது. சீர்காழிக்காரர் சொன்ன வழியில் இலண்டன் தன் நூல்களுக்கு அட்டவணை எழுதிற்று!

அவர் 1957இல் பெங்களூருக்கு வந்து தங்கினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். மைசூர்ச் சாலையில் எட்டாவது மைலில் பேருந்து போகும்போது இடப்பக்கம் வலப்பக்கம் பாராமல் கைப்பேசியைப் பார்க்கும் நண்பர்கள் ஒருமுறை தலை நிமிர்ந்தால் அந்த நிறுவனத்தின் வளாகத்தைக் காணலாம். 1948இல் சென்னை மாகாணத்திலும் 1965இல் அன்றைய மைசூர் மாநிலத்திலும் வந்த பொது நூலகச் சட்டங்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு உண்டு. 1972 செப்டம்பரில் இந்த நகரிலேயே மறைந்தார்.

அதே 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைய தேடுபொறிகளின் அடித்தளக் கற்களில் அது ஒன்று. கணிப்பொறி நூலுக்கு எண் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் சொற்களையெல்லாம் பிரித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லடைவு போட்டுவிடுகிறது. நம் புலவர்கள் கையால் செய்த வேலைதான். ஆனால் 'ஒரு', 'என்று' போன்ற சொற்கள் எங்கும் கிடக்குமே? அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம், மலிந்த சொல்லுக்கு மதிப்பு இல்லை என்பதே அக்கட்டுரையின் கருத்து. ஆயிரம் கட்டுரைகளில் ஆயிரத்திலும் வரும் சொல்லின் எடை ஒன்றின் மடக்கை, அதாவது சுழி. பத்தில் மட்டும் வந்தால் நூறின் மடக்கை, 2. ஒன்றில் மட்டும் வந்தால் 3. இத்தனை எளிய கணக்கு இத்தனை பெரிய வேலையைச் செய்கிறது.

அப்படியானால் ரங்கநாதன் தோற்றுவிட்டாரா? இங்கிலாந்தில் கிரான்பீல்டு என்ற இடத்தில் சிரில் கிளெவர்டன் நான்கு முறைகளை 18,000 ஆவணங்கள்மீது சோதித்து 1962இல் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 82 முதல் 74 வரை வெற்றி. நூலகவியலாரின் நுட்பமான பகுப்பு முறை கடைசி, வெறும் சொற்களைக் குறித்து வைத்த முறை முதல். இதை மறைத்து ரங்கநாதனைப் புகழ்வது அவருக்கே பிடிக்காது. அவர் கணக்கு வாத்தியார். ஆயினும் இணையக் கடையில் சேலை வாங்கும் நம் வீட்டுப் பெண்களைக் கவனியுங்கள். பட்டு, அரக்கு நிறம், காஞ்சிபுரம், ஐயாயிரத்துக்குள் என்று நான்கு பொத்தான்களை அழுத்துகிறார்கள். உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டும் அதே மெக்கானோதான் அது.

சொல்லை மட்டும் நம்பினால் தமிழில் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரங்களுக்கு' என்றிருப்பவை தப்பிவிடும். சரி, வேற்றுமை உருபைக் கழித்துவிடுவோம் என்று 'ஐ'யை வெட்டினால், 'கடலை' விற்பவன் கடலை விற்கத் தொடங்கிவிடுவான். ஆங்கில எழுத்தில் பதியும் பட்டிகளிலோ நம் ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் எழுதுகிறார்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பையும் காலையும் கணிப்பொறியில் சேர்த்து ஒரே குறியாகவும் இடலாம், இரண்டு குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் துதிக்கையோடு நிற்கும் 'னை', 'லை'யைப் படம் பிடித்துப் படிக்கும் பொறி தடுமாறுகிறது. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் புதிய பொறி ஒன்றிடம் நண்பர் ஒருவர் தமிழ் அறிவியல் நூல்களின் பட்டியல் கேட்டார். அழகான பட்டியல் வந்தது. அவற்றுள் சில நூல்கள் எழுதப்படவே இல்லை என்பதுதான் குறை. நான் இருந்த நூலை இல்லை என்றேன்; அது இல்லாத நூலை உண்டு என்கிறது.

பீரோவுக்குத் திரும்புவோம். கோலன் எண்களை முழுமையாக எழுதும் ஆற்றல் எனக்கு இல்லை. ஐந்து கேள்விகளை மட்டும் கடன் வாங்கினேன். ஒவ்வொரு நூலையும் திறந்து, உள்ளடக்கத்தைப் படித்து, எதைப் பற்றியது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று சொற்கள் எழுதுகிறேன். ஆசிரியர் பெயரில்தான் திண்டாட்டம். புதுமைப்பித்தனைத் தேடுபவர் சொ. விருத்தாசலத்தைத் தேடமாட்டார், மு.வ.வை 'மு'வில் வைப்பதா, வரதராசன் என்று 'வ'வில் வைப்பதா? இரண்டிலும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைகாட்டி நட்டிருக்கிறேன். பழைய பதிவேட்டில் 'பொது' என்ற தலைப்பில் கிடந்தவற்றைப் பிரித்தபோது, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் நான்கு தொகுதிகள் கிடைத்தன. அவற்றை எடைக்குப் போட்டிருந்தால் நல்ல எடைதான் இருந்திருக்கும்.

ஒரு பீரோ முடிந்தது. மற்றொன்று பாதியில் நிற்கிறது. பொதுக்குழு மார்ச்சில். சனிக்கிழமை பிற்பகல்களில் இரண்டு பேர் வந்து அட்டை எழுதினால் முடித்துவிடலாம். கன்னடம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் மிக நன்று, நம்மிடம் அம்மொழி நூல்களும் இருபது உள்ளன. அந்த முதலாண்டு மாணவியின் பெயரை நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. எந்தத் துறை என்றும் தெரியாது. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் அட்டவணை என்னிடம் இல்லை. இந்த இதழ் அவர் கைக்கு வருமானால், தம்பிக்கான நூல் முதல் பீரோவில் மூன்றாம் தட்டில் இடமிருந்து ஏழாவதாக இருக்கிறது.