பக்கத்து வீட்டுச் சத்தமும் வீட்டு ஆபீசும்

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள குஷாய்குடா, ஷிப்டு வேலைக்குப் பழகிய வட்டாரம். அணுசக்தித் துறையின் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் 1967-லும், அணு எரிபொருள் வளாகம் 1971-லும் இந்தப் பக்கத்தில் தோன்றின. சர்லபள்ளி தொழிற்பேட்டையும் அருகிலேயே இருக்கிறது. இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் உறங்குவோருக்கு அடுத்த வீட்டுச் சத்தம் பழைய தொல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அத்தொல்லையில் இன்னொரு கூட்டமும் பங்கு பெற்றது. வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்ப்போர், கம்ப்யூட்டரில் விவரம் பதிவோர், போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வோர் ஆகியோரே அவர்கள்.

சுவருக்கு அப்பால் பாட்டு அலறினால், போனின் மறுமுனையில் இருப்பவருக்கு முதலில் கேட்பது அந்தப் பாட்டுதான். ஓர் எண்ணைத் தப்பாகப் பதிந்தாலும் மேலதிகாரியிடம் பேச்சு வாங்க வேண்டும். ஆயினும், "பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்று தமிழர்கள் பலர் பொறுத்துப் போகிறார்கள். பொறுமை தீர்ந்து ஒரு நாள் கத்திவிட்டால், சத்தம் பற்றிய பேச்சு மொழிச் சண்டையாகத் திரும்பிவிடும்.

முதலில் பேச்சு

கோபம் வந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது. மறுநாள் மாலை போய், "அண்ணா, கொஞ்செம் சவுண்டு தக்கிஞ்சண்டி" என்று தெலுங்கிலேயே கேட்டால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. "எப்போதும் சத்தம்" என்று குறை சொல்வதைவிட, "காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும்" என்று நேரம் குறித்துக் கேட்பது பலன் தரும். ஆஷாட மாதத்துப் போனாலுவும் விநாயக சவிதியும் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். முக்கியமான மீட்டிங்கை அந்த நாட்களில் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம்.

சட்டம் சொல்வது

மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்குச் சத்தமாகத் தோன்றும். அளவை மீறி 10 டெசிபலோ அதற்கு மேலோ போனால் புகார் செய்யலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு விலக்குத் தரலாம். கேட்க விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது சுப்ரீம் கோர்ட்டு 2005 ஜூலை 18-ல் அளித்த தீர்ப்பின் சாரம்.

பேச்சு பலிக்காவிட்டால் நாள், நேரம் குறித்து வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். நள்ளிரவானால் 112-க்குப் போன் செய்யலாம். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர், உள்ளூரார், வெளியூரார் என்ற பேதம் விதிகளில் இல்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியது

காற்று நுழையும் இடுக்கில் சத்தமும் நுழையும். கதவின் அடியில் துணிச் சுருள் வைத்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் பேச்சுச் சத்தம் வெகுவாகக் குறையும். பொதுச் சுவரை ஒட்டித் துணிமணி நிறைந்த பீரோவை வைப்பதும் ஓரளவு உதவும். மேளத்தின் தாழ்ந்த ஒலி மட்டும் சுவரையே அதிர வைத்து வரும். அதற்கு அறையை மாற்றுவதுதான் வழி.

அடுத்த வீட்டாருக்கும் காது உண்டு. விடியற்காலைக் கிரைண்டரும், இரவு நேரத் தொலைக்காட்சித் தொடரும், போனில் உரக்கப் பேசும் ஆபீஸ் பேச்சும் அவர்களையும் எட்டுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்து அப்போதுதான் கண் அயர்ந்திருக்கலாம். அவருடைய ஷிப்டு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் குரலைத் தாழ்த்துபவர், தன் வேலை நேரத்தையும் அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.