இதயத்தைத் தொடரும் கரோனா

புதுதில்லி: பெருந்தொற்றுக்குப் பின் இளம் வயதினர் திடீரென மரணமடைந்த செய்திகள் பரவியபோது, பழி தடுப்பூசியின் மீது விழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வோ நோயையே சுட்டிக்காட்டியது.

18 முதல் 45 வயதுக்கு உள்பட்ட 729 பேரின் காரணம் அறியப்படாத திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகள் வாயிலாக ஆராய்ந்த அதன் முடிவுகள் 2023 நவம்பரில் வெளியாயின. தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. இரு தவணை செலுத்திக் கொண்டவர்களுக்கு அது குறைந்தே இருந்தது. கரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்து இருந்தது. மிதமிஞ்சிய மது, கடும் உடலுழைப்பு ஆகியவையும் காரணிகளாகக் கண்டறியப்பட்டன.

கரோனா தொற்று இதயத் தசையில் அழற்சியையும், ரத்த நாளங்களில் உறைவையும் ஏற்படுத்தவல்லது. தொற்றுக்குப் பின் ஓராண்டு வரையிலும் இதய நோய் அபாயம் நீடிப்பதை, அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022-இல் உணர்த்தியது.

குஜராத்தில் கர்பா நடனத்தின்போது மாரடைப்பால் சிலர் இறந்ததையொட்டி, கரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஓரிரு ஆண்டுகள் கடும் உழைப்பைத் தவிர்க்குமாறு 2023 அக்டோபரில் அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவுறுத்தினார். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு அது இயலுமா? அறிவுரையோடு நில்லாமல், மருத்துவமனைப் பதிவேடுகளில் உள்ள அவர்களைத் தேடிச் சென்று இதயப் பரிசோதனை செய்வதே அரசின் கடமை.